காயடித்த எருதும் புராஸ்டேட் புற்றும்

ஓமலூரிலிருந்து மேச்சேரி வழியாக மேட்டூரை நோக்கி நீளும் மேட்டுநிலம் தன் கால்நடைகளால் பெயர் பெற்றது. மேச்சேரிச் செம்மறி இந்த வட்டாரத்தின் சொந்த இனம். காவிரியை ஒட்டிய காட்டோரங்களில் ஆலம்பாடி மாடு வளர்ந்தது. ஏரும் வண்டியும் கவலை ஏற்றமும் எருதை நம்பியிருந்த காலம்வரை, இந்த ஊர்களில் தவறாமல் நடந்துவந்த ஒரு வேலை காயடித்தல். விதைகளை நசுக்கியோ, பிற்காலத்தில் கால்நடை மருத்துவமனையின் பர்டிசோ இடுக்கியால் விதைக்குச் செல்லும் நாளங்களை நசுக்கியோ, காளையை உழவுக்கேற்ற எருதாக்கினார்கள். இனப்பெருக்கத்திற்கென விடப்பட்டதற்குப் பொலிகாளை என்று தனிப்பெயர் இருந்தது.

காயடித்தபின் என்ன நிகழும் என்பது உழவருக்குத் தெரியும். திமில் பருக்காது, கழுத்து தடிக்காது, முரட்டுத்தனம் அடங்கும். உடலின் ஒரு மூலையில் இருக்கும் சிறு உறுப்பு, அதற்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் திமிலையும் கழுத்தையும் குணத்தையும் ஆள்கிறது என்ற அறிவு அதில் அடங்கியிருந்தது. ஆனால் அவர் கண்ணுக்குப் படாத ஒரு மாற்றமும் எருதின் உடலுக்குள் நிகழ்ந்தது. சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி சிறுத்துச் சுருங்கியது. இலண்டனில் பிணப் பரிசோதனைகளும் விலங்கு ஆய்வுகளும் செய்துவந்த ஜான் ஹன்டர் 1786-இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். முழுமையான ஆண் விலங்கில் இந்தச் சுரப்பி பெரிதாகவும் சாறு நிறைந்தும் இருக்கிறது. காயடிக்கப்பட்ட விலங்கில் சிறுத்தும் தளர்ந்தும் போகிறது என்பது அவருடைய கூற்று.

முதிய ஆண்களைத் தாக்கும் புராஸ்டேட் புற்றுநோயின் சிகிச்சை வரலாறு இந்தக் கவனிப்பிலிருந்து கிளைத்தது. அந்த வரலாற்றின் குறுக்கே ‘ஹார்மோன் சாராத புற்று’ என்றொரு பிழையான சொல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அது எப்படி வந்தது, எப்படி நீங்கியது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிகாகோவின் நாய்கள்

ஹன்டரின் கவனிப்பு நூறாண்டுகளுக்கும் மேலாகச் சிகிச்சையாக உருப்பெறாமல் கிடந்தது. 1895-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் ஒயிட், புராஸ்டேட் வீக்கத்திற்காக விதைநீக்கம் செய்யப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார். சுரப்பியையே அறுத்தெடுக்கும் முறைகள் தேர்ச்சி பெற்றதும் அவ்வழி கைவிடப்பட்டது. விதையிலிருந்து புறப்படும் செய்தி எது என்பதும் அப்போது தெரியாது. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்னஸ்ட் லாக்கரின் குழு காளை விதைகளிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டீரோன் என்று பெயரிட்டது. அதே ஆண்டில் பூட்டனான்ட்டும் ருசிக்காவும் அதைச் செயற்கையாக உருவாக்கினார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவராக இருந்த சார்லஸ் ஹக்கின்ஸ், புராஸ்டேட் சுரக்கும் திரவத்தின் வேதியியலை அறிவதற்காக நாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மனிதனைப் போலவே முதுமையில் புராஸ்டேட் கட்டிகள் தாமாகத் தோன்றும் மிகச் சில விலங்குகளுள் நாய் ஒன்று. கட்டியுள்ள நாய்கள் முதலில் அவருடைய ஆய்வுக்கு இடைஞ்சலாகவே இருந்தன. விதைகளை அகற்றியபோது சுரப்பியோடு கட்டியும் சுருங்கியதைக் கண்டார். டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தபோது அது மீண்டும் வளர்ந்தது.

மனிதரில் இதைச் சோதிக்க அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1938-இல் நியூயார்க்கில் குட்மன் தம்பதியர், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றில் இரத்தத்தில் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதி மிகுகிறது என்று காட்டியிருந்தார்கள். ஹக்கின்ஸ் 1941-இல் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் வெளியிட்ட கட்டுரையில், விதைநீக்கமோ பெண் ஹார்மோனோ அந்த நொதியைக் குறைக்கிறது என்றும், டெஸ்டோஸ்டீரோன் ஊசி அதை உயர்த்துகிறது என்றும் நிறுவினார். எலும்பு வலியால் படுக்கையோடு கிடந்தவர்கள் சில நாட்களில் வலி தணிந்து எழுந்தார்கள். புற்றணு என்றால் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காதது என்று நம்பப்பட்ட காலம் அது. பரவிய பின்னும் அது உடலின் கட்டளையைக் கேட்கிறது என்பது மருத்துவ உலகத்திற்கே புதிய செய்தி. 1966-இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கத்தியில்லாத காயடிப்பு

வலி தணிந்தாலும் நோய் நீங்கவில்லை. பெரும்பாலோரில் சில ஆண்டுகளில் புற்று மீண்டும் வளர்ந்தது. விதைகளை அடுத்து ஆண் ஹார்மோனின் மூலப்பொருள்கள் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளிலும் உருவாகின்றன என்பதை அறிந்த ஹக்கின்ஸ், 1945-இல் வில்லியம் ஸ்காட்டுடன் சேர்ந்து அவற்றையும் அகற்றிப் பார்த்தார். கார்ட்டிசோன் மாற்று மருந்து இல்லாத காலம், நோயாளிகள் பிழைக்கவில்லை. முயற்சி கைவிடப்பட்டது. அதன் பின்னிருந்த ஊகம் சரியானது என்று தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையில் காயடித்தலையே மென்மையாக்கும் வழிகள் வந்தன. 1938-இல் சார்லஸ் டாட்ஸ் உருவாக்கிய செயற்கைப் பெண் ஹார்மோன் மாத்திரை மலிவாகக் கிடைத்தது. ஆனால் 1960-களில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த பேராய்வு, அதன் உயர்ந்த அளவு இதயநோய் மரணங்களைக் கூட்டுகிறது என்று காட்டியது. 1971-இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளையடிப் பகுதிகளிலிருந்து பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட எல்எச்ஆர்எச் என்ற ஹார்மோனின் கட்டமைப்பைக் கண்டறிந்தது. மூளை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் இந்தச் செய்திதான் பிட்யூட்டரி வழியே விதையைத் தூண்டுகிறது. அதே செய்தியை இடைவிடாது கொடுத்தால் பிட்யூட்டரி செவிடாகிறது, விதை ஓய்ந்துவிடுகிறது. இந்த முரணைப் பயன்படுத்திய லூப்ரோலைட் ஊசி 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காயடித்தல் கத்தியிலிருந்து ஊசிக்கு மாறியது.

இந்தியாவிலும் இதே கண்ணியைத் துண்டிக்கும் முயற்சி ஒன்று நடந்தது. தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தின் நிறுவன இயக்குநரான ஜி. பி. தல்வார், எல்எச்ஆர்எச்சுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கும்படி ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனம் ஆகிய இடங்களில் முற்றிய புராஸ்டேட் புற்றுள்ளவர்களிடம் அது சோதிக்கப்பட்டது. பரவலான சிகிச்சையாக அது வளரவில்லை.

கத்தி, மாத்திரை, ஊசி, தடுப்பூசி ஆகிய எல்லாமே செய்தியை நிறுத்தும் வழிகள். செய்தி நின்ற பிறகும் புற்று வளர்ந்தபோது, அது ஹார்மோனைக் கடந்துவிட்டது என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘ஹார்மோன் சாராத புற்று’ என்ற பெயர். பெயர் வைத்ததும் தேடலும் ஏறத்தாழ நின்றது. ஹார்மோனைச் சாராத ஒன்றுக்கு ஹார்மோன் வழியில் மருந்து தேடுவானேன்?

படிப்பவன் யார்?

எழுதப்பட்ட செய்தி பொருள்பட வேண்டுமானால் படிப்பவன் ஒருவன் வேண்டும். புராஸ்டேட் அணுவில் அந்த வாசகனுக்கு ஆண்ட்ரோஜன் ஏற்பி என்று பெயர். டெஸ்டோஸ்டீரோன் அணுவுக்குள் நுழைந்ததும் ஒரு நொதி அதை மேலும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாற்றுகிறது. அது ஏற்பியில் வந்து பொருந்துகிறது. அதுவரை துணைப் புரதங்களின் பிடியில் சும்மா இருந்த ஏற்பி வடிவம் மாறி, அணுவின் உட்கருவுக்குள் செல்கிறது. தன்னைப் போன்ற இன்னொன்றோடு இணை சேர்ந்து, டிஎன்ஏ இழையில் தனக்குரிய குறிப்பிட்ட எழுத்துத்தொடர்களைத் தேடி அமர்கிறது. அமர்ந்த இடத்தின் அருகிலுள்ள மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன. ஏட்டுச்சுவடியைப் பார்த்து எழுதுவதற்கு நாம் வைத்திருக்கும் படியெடுத்தல் என்ற சொல்லே அறிவியல் தமிழிலும் இதற்கு வழங்குவது பொருத்தமாகவே இருக்கிறது. எந்த ஏடு படியெடுக்கப்பட வேண்டும், எது கட்டிவைக்கப்பட வேண்டும் என்பதை இந்த ஏற்பி முடிவு செய்கிறது.

இன்று புராஸ்டேட் நோயாளிகள் அனைவரும் செய்துகொள்ளும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை இந்த இயக்கத்தின் நேரடி விளைவு. பிஎஸ்ஏ என்பது ஏற்பியின் ஆணையால் படியெடுக்கப்படும் மரபணுவின் புரதம். ஆகவே அது கட்டியின் அளவோடு ஏற்பியின் விழிப்பையும் ஓரளவு காட்டுகிறது. இங்கேதான் பழைய பெயரின் பிழைக்குத் தடயம் இருந்தது. ‘ஹார்மோன் சாராதது’ என்று கைவிடப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தில் பிஎஸ்ஏ மீண்டும் ஏறிக்கொண்டிருந்தது. செய்தியே வராத வீட்டில் யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

1988-இல் சிகாகோவிலும் வட கரோலினாவிலும் இருந்த குழுக்கள் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தன. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதாவது ஒவ்வோர் ஆணும் அதைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறான். மரபணு கைக்கு வந்ததும் விடைகள் வரத் தொடங்கின. 1977-இல் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து வளர்க்கப்பட்டு உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படும் எல்என்கேப் என்ற அணுவரிசையில், ஏற்பியின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதை 1990-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். ஓர் எழுத்துப் பிழைதான். ஆனால் அதன் விளைவாக, ஏற்பியைத் தடுப்பதற்கென்று கொடுக்கப்பட்ட புளூட்டமைட் மருந்தையே அந்த ஏற்பி ஹார்மோனாக வாசித்தது. சில நோயாளிகளில் அந்த மருந்தை நிறுத்தியதுமே பிஎஸ்ஏ இறங்கிய புதிர் 1993-இல் பதிவானபோது, இத்தகைய மாற்றங்கள் அதற்கு ஒரு விளக்கமாயின.

1995-இல் பின்லாந்தின் விசகோர்பி குழு, சிகிச்சைக்குப்பின் மீண்டு வந்த கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் ஏற்பியின் மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டது. செய்தி அரிதானபோது அணு வாசகர்களின் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தது. 2004-இல் சார்லஸ் சாயர்ஸின் குழு, எலிகளில் வளர்த்த ஏழு வகை மனிதக் கட்டிகளை ஒப்பிட்டபோது, சிகிச்சைக்கு அடங்காமல் போனவை அனைத்திலும் பொதுவாகக் காணப்பட்ட ஒரே மாற்றம் ஏற்பி மிகுந்திருப்பதுதான். காயடிக்கப்பட்ட ஆணின் கட்டிக்குள்ளேயே ஆண் ஹார்மோன் போதுமான அளவு இருப்பதையும், அட்ரினலின் மூலப்பொருள்களைக் கொண்டு கட்டியே அதை உருவாக்கிக்கொள்வதையும் பிறர் காட்டினார்கள். 1945-இல் ஹக்கின்ஸ் நினைத்தது சரிதான்.

2000-களின் பிற்பகுதியில் பெயர் மாற்றப்பட்டது. ‘ஹார்மோன் சாராத புற்று’ மறைந்து, ‘காயடிப்புக்கு அடங்காத புற்று’ என்ற பொருள்படும் பெயர் வந்தது. சொல்லளவில் சிறிய மாற்றம். ஆனால் முன்னது நோயின் தன்மையைத் தீர்மானித்துவிட்டது. பின்னது நம் சிகிச்சையின் எல்லையை மட்டுமே சொல்கிறது. இந்தப் புரிதலின் கனிகளாக, இலண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த அபிராட்டரோன் 2011-இலும், கலிபோர்னியாவில் சாயர்ஸும் வேதியியலாளர் மைக்கேல் ஜங்கும் உருவாக்கிய என்சலூட்டமைட் 2012-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முன்னது விதை, அட்ரினல், கட்டி ஆகிய மூன்று இடங்களிலும் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. பின்னது ஏற்பியின் வாசிப்பையே தடுக்கிறது.

ஒட்டிக்கொண்ட இரு மரபணுக்கள்

ஏற்பி என்ன வாசிக்கிறது என்ற கேள்விக்கு எதிர்பாராத விடை மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே ஆய்வகம் நடத்துபவரின் பெயர் அருள் சின்னையன். தமிழ் வாசகருக்கு அறிமுகம் தேவைப்படாத பெயர். அவருடைய கண்டுபிடிப்போ தமிழில் அதிகம் பேசப்படாதது.

இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்வதால் புற்று உண்டாவது இரத்தப் புற்றுகளில் முன்பே அறியப்பட்டிருந்தது. மார்பகம், புராஸ்டேட் போன்ற பரவலான திடக்கட்டிகளில் அது முக்கியமல்ல என்பதே பொதுநம்பிக்கை. மரபணுச் செயற்பாட்டு அளவீடுகளைப் பொதுவாகச் சராசரி கண்டே ஒப்பிட்டார்கள். ஆனால் ஒரு மாற்றம் எல்லா நோயாளிகளிலும் இல்லாமல் சிலரில் மட்டும் மிகத் தீவிரமாக இருந்தால் சராசரி அதை மறைத்துவிடும். சின்னையனின் குழுவில் ஸ்காட் டாம்லின்ஸ், டேனியல் ரோட்ஸ் முதலியோர் சராசரியை விட்டு விலகி நிற்பவற்றைத் தேடும் கணக்குமுறையைக் கையாண்டார்கள். இஆர்ஜி என்ற மரபணு பல கட்டிகளில் மிதமிஞ்சிச் செயல்படுவது தெரிந்தது. காரணத்தைத் தேடியபோது, அதன் முன்பகுதியில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற வேறொரு மரபணுவின் தொடக்கம் ஒட்டியிருந்தது. 2005 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது.

டிஎம்பிஆர்எஸ்எஸ்2 ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டது. அதன் தொடக்கத்தில் ஏற்பி வந்து அமரும். இஆர்ஜி வளர்ச்சியையும் பரவலையும் தூண்டக்கூடியது. இயல்பான புராஸ்டேட்டில் அது உறங்குகிறது. ஒட்டியபின், ஏற்பி வழக்கமான ஏட்டைப் படியெடுப்பதாக எண்ணி, அபாயகரமான இன்னொன்றைப் படியெடுக்கிறது. மேற்கத்திய நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இந்த ஒட்டு காணப்படுகிறது. சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் கணிசமாகக் குறைவு.

2009-இல் அதே ஆய்வகத்திலிருந்து ராம்சங்கர் மணி முதலாசிரியராக வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒரு படி சென்றது. இரண்டு மரபணுக்களும் 21-ஆம் குரோமோசோமில் சுமார் முப்பது லட்சம் எழுத்துகள் இடைவெளியில் உள்ளன. ஆண் ஹார்மோன் தூண்டும்போது உட்கருவுக்குள் இழை மடிந்து இவ்விரண்டும் அருகருகே வருகின்றன. அந்நேரத்தில் இழை உடைந்தால் தவறாக ஒட்டிக்கொள்கின்றன. புற்றை வளர்ப்பதோடு, அதற்கு வித்திடும் விபத்துக்கும் ஹார்மோன் களம் அமைக்கிறது என்று இதனால் அறிகிறோம்.

சின்னையனின் ஆய்வகத்தில் பணியாற்றிப் பின் கான்பூர் ஐஐடிக்கு வந்த புஷ்ரா அதீக், 2020-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். ஏற்பி சில மரபணுக்களை எழுப்புவதோடு வேறு சிலவற்றை அடக்கியும் வைக்கிறது. ஸ்பிங்க்1 அப்படி அடக்கப்பட்ட ஒன்று. ஹார்மோனை நிறுத்தும்போது அது தலைதூக்குகிறது என்று அவருடைய குழு 2020-இல் காட்டியது. சிகிச்சையே நோயின் இன்னொரு முகத்திற்கு வழிதிறக்கிறது. ஒரு சிறு பகுதிக் கட்டிகள் இறுதியில் ஏற்பியை உண்மையாகவே துறந்து நரம்பணுவின் சாயலுக்கு மாறுகின்றன. பழைய பெயர் அவற்றுக்கு மட்டும் பொருந்தும்.

ஓமலூருக்கு வரும்போது

இவையெல்லாம் சேலம் மாவட்டத்து முதியவர் ஒருவருக்கு என்ன பயன் தரும்? நம் நாட்டில் பலருக்கு இந்நோய் எலும்புக்குப் பரவிய பிறகே கண்டறியப்படுகிறது. முதுகுவலி வயதின் வலியாகவும் காட்டு வேலையின் வலியாகவும் கழிந்துவிடுகிறது. அதன்பின் மருத்துவர் இரண்டு வழிகளை முன்வைக்கிறார்: மாதக்கணக்கில் தொடரவேண்டிய ஊசி, அல்லது ஒரே முறை செய்யும் விதைநீக்க அறுவை. புற்றை அடக்குவதில் இரண்டும் சமம். ஊசி செலவு மிக்கது. அறுவையை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் எருதுக்குச் செய்வது தனக்கா என்று குன்றிப்போகும் மனிதனின் வேதனையை எந்தக் கணக்கும் காட்டாது. காயடித்தல் என்ற சொல் நம் மொழியில் வசையாகவும் வழங்குவதால், அதை ஏற்க மறுத்துச் சிகிச்சையையே விட்டுவிடுபவர்களும் உண்டு.

அவர்களிடம் சொல்லத்தக்க சில செய்திகள் இந்த வரலாற்றில் இருக்கின்றன. முதலாவது, காயடித்தல் இன்று சிகிச்சையின் தொடக்கம் மட்டுமே. பரவிய நோயில் அதனுடன் அபிராட்டரோனை ஆரம்பத்திலேயே சேர்த்தால் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு நீள்கிறது என்று 2017-இல் இரண்டு பேராய்வுகள் நிறுவின. இரண்டாவது, விலை. என்சலூட்டமைட்டுக்கான காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2016-இல் நிராகரித்தது; இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் சந்தைக்கு வந்தன. வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் கொடுக்கப்படும் அபிராட்டரோனை, உணவோடு 250 மில்லிகிராம் கொடுத்தால் பிஎஸ்ஏ அதே அளவு குறைகிறது என்று 72 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை சிகாகோவின் ஸ்முலெவிட்ஸ் குழு 2018-இல் வெளியிட்டது. ஆய்வு சிறியது, ஆயுளை அது அளக்கவில்லை, மருத்துவர் சொல்லாமல் எவரும் அளவை மாற்றக்கூடாது. எனினும் மருந்துச் செலவு நான்கில் ஒன்றாகும் வாய்ப்பு, ஊசிக்கும் மாத்திரைக்கும் ஆட்டை விற்கும் குடும்பத்துக்குச் சிறிதன்று. மூன்றாவது, ஹார்மோனை நிறுத்துவதால் எலும்பு தேய்கிறது, தசை குறைகிறது, சர்க்கரையும் இதயநோயும் நெருங்குகின்றன. நடையும் உடற்பயிற்சியும் எலும்புக்கான கவனிப்பும் சிகிச்சையின் பகுதிகள்.

பொலிகாளையின் திமிலைப் பார்த்து விதையின் ஆட்சியை அறிந்த ஒருவருக்கு இதை விளக்குவது கடினமல்ல. கட்டளை போகும் வழியைத்தான் அடைக்கிறோம், மனிதனின் மதிப்பை அல்ல என்று அவர் மொழியிலேயே சொல்லலாம். மருத்துவம் ஒரு பிழையான பெயரை நாற்பது ஆண்டுகளுக்குப்பின் மாற்றிக்கொண்டு அதனால் இரண்டு நல்ல மருந்துகளை அடைந்தது. இந்த அறுவைக்கு வசையின் வாடை இல்லாத ஒரு சொல்லை நோயாளியின் காதில் விழும்படி சொல்லத் தமிழும் கற்றுக்கொண்டால், சிலர் சிகிச்சைக்குத் திரும்பி வருவார்கள்.